போர் செய்ய மாட்டோம் என்று எழுதிவைத்த நாடு: ஜப்பானின் 9-ஆம் பிரிவு அதன் அரசியலுக்குக் கற்றுக்கொடுத்தது என்ன?

2025 நவம்பர் 7 அன்று ஜப்பான் நாடாளுமன்றக் கீழவையின் பட்ஜெட் குழுவில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தைவான் பற்றிக் கேட்டார். அங்கே சண்டை மூண்டால் ஜப்பான் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது கேள்வியின் சாரம். பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத பிரதமர் சனாயே தகாய்ச்சி, போர்க்கப்பல்களோடு பலப்பிரயோகம் நடந்தால் அது ஜப்பானின் "இருப்புக்கே ஆபத்தான நிலைமை" ஆகக்கூடும் என்றார். தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனா கொதித்துப்போனது. சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னது. தன் குடிமக்கள் ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

செய்தியைப் படித்த பலருக்கு இரண்டு சந்தேகம் வந்திருக்கும். ராணுவமே வைத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதிவைத்த நாடல்லவா ஜப்பான், அப்புறம் எதை வைத்துப் போரிடும்? இன்னொன்று: பிரதமர் படையை அனுப்பவில்லை, அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை. ஒரு சட்டச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். அதற்கு ஏன் இத்தனை களேபரம்?

இரண்டுக்கும் விடை 1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பான் அரசியலமைப்பின் ஒரே ஒரு பிரிவில், 9-ஆம் பிரிவில், இருக்கிறது. அந்தப் பிரிவு ஜப்பானைப் போரிலிருந்து விலக்கி வைத்தது என்பது பாதிக் கதை. அரசியல்வாதிகள் எதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும், எந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது, எங்கே நழுவலாம் என்பதையும் அதுதான் பழக்கியது. அந்தப் பழக்கம் உருவான விதத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பிரிவில் இருப்பது என்ன?

9-ஆம் பிரிவு மிகச் சிறியது. இரண்டே பத்தி. சாரம் இதுதான்:

1. ஜப்பானிய மக்கள், ஒரு நாட்டின் இறையாண்மை உரிமை என்ற முறையில் போர் தொடுப்பதையும், நாடுகளுக்கிடையிலான சச்சரவைத் தீர்க்கப் படைபலத்தைக் காட்டி மிரட்டுவதையும் அதைப் பயன்படுத்துவதையும் என்றென்றைக்கும் கைவிடுகிறார்கள்.
2. அந்த நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டு, தரைப்படை, கடற்படை, வான்படை, மற்றப் போர்த்திறன் எதையும் வைத்துக்கொள்வதில்லை. போரிடும் நாட்டுக்கு உள்ள உரிமையையும் ஏற்பதில்லை.

முதல் பத்தி அப்படியொன்றும் புதிதல்ல. 1928-இல் பாரிஸில் கையெழுத்தான கெலாக்–பிரியாண்ட் ஒப்பந்தமும் இதைத்தான் சொன்னது. ஜப்பானும் அதில் கையெழுத்துப் போட்டது. ஆனாலும் 1931-இல் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. இத்தாலியின் அரசியலமைப்பும் தன் 11-ஆம் பிரிவில் போரை நிராகரிக்கிறது. ஆனால் இத்தாலிக்கு ராணுவம் உண்டு. ஜப்பானை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இரண்டாம் பத்திதான்.

அந்த இரண்டாம் பத்தியின் தொடக்கத்தில் இருக்கும் "அந்த நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டு" என்ற சொற்கள் முதல் வரைவில் இல்லை. 1946 கோடையில் கீழவைத் துணைக்குழுவின் தலைவராக இருந்த ஹிதோஷி அஷிதா சேர்த்தவை அவை. எந்த நோக்கம்? சச்சரவைத் தீர்க்கப் போரிடாமல் இருப்பது. அதற்காகத்தான் படை கூடாது. தற்காப்புக்கு என்றால் வேறு கதை என்று பின்னாளில் ஒரு சாரார் வாதாட இந்த நாலைந்து சொற்கள் இடம் கொடுத்தன. போரில் தோற்ற ஜப்பானை மேற்பார்வையிட்ட நேச நாடுகளின் தூரக்கிழக்கு ஆணையம் இந்த ஓட்டையை உடனே பார்த்துவிட்டது. நாளைக்கு எப்படியோ படை வந்துவிட்டாலும் தளபதிகள் அமைச்சர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று, அமைச்சர்கள் அனைவரும் படையினரல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை 66-ஆம் பிரிவில் எழுத வைத்தது. அந்தக் கருத்துக்கு ஜப்பானிய மொழியில் பொருத்தமான சொல்கூட அப்போது புழக்கத்தில் இல்லை. "புன்மின்" என்ற சொல் அதற்காகவே ஆக்கப்பட்டது.

## திணிக்கப்பட்டதா, ஏற்கப்பட்டதா?

வரைவை எழுதியவர்கள் அமெரிக்கர்கள். 1946 பிப்ரவரியில், ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாட்டுப் படைகளின் தலைவரான அமெரிக்க ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரின் தலைமையகத்தில் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாள்களில் அது தயாரானது. போரைத் துறக்கும் யோசனை அப்போதைய பிரதமர் கிஜூரோ ஷிதெஹாராவுடையது என்று மெக்கார்தர் பின்னாளில் சொன்னார். வரலாற்றாசிரியர்களிடையே இதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. "வெற்றிபெற்றவன் திணித்த சட்டம்" என்ற குறை ஜப்பானிய வலதுசாரிகளிடம் எப்போதும் உண்டு.

ஆனால் எழுதியவர் யார் என்பதோடு கதை முடியவில்லை. 1946 ஏப்ரலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த பொதுத் தேர்தல் நடந்தது. அதில் தேர்வான அவைதான் இந்த வரைவை மாதக்கணக்கில் விவாதித்தது. அங்கே நடந்த ஒரு வாக்குவாதம் இன்றைக்குப் படித்தாலும் தூக்கிவாரிப் போடும். தற்காப்புப் போர் நியாயமானது, அதற்கான உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாதாடியவர் கம்யூனிஸ்ட் தலைவர் சான்சோ நொசாகா. அதை மறுத்தவர் பழமைவாதப் பிரதமர் ஷிகெரு யோஷிடா. அண்மைக் காலத்துப் போர்களில் பெரும்பாலானவை தற்காப்பின் பெயரில்தானே நடந்தன, அந்த உரிமையை ஒப்புக்கொள்வதே ஆபத்து என்பது அவருடைய பதில். பத்தே ஆண்டில் இரு தரப்பும் இடம் மாறிக்கொண்டன.

மக்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? 1947-இல் கல்வி அமைச்சகம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளியிட்ட சிறு பாடநூல் ஒன்றில் ஒரு படம் இருக்கிறது. பெரிய உருக்குக் கொப்பரை. அதன் வயிற்றில் "போர் துறப்பு" என்று எழுதியிருக்கிறது. மேலே குண்டுகளும் போர் விமானங்களும் போட்டு உருக்கப்படுகின்றன. கீழே ரயிலும் கப்பலும் தீயணைப்பு வண்டியும் வெளியே வருகின்றன. அப்போதுதான் முடிந்திருந்த இரண்டாம் உலகப் போரில் இறந்த ஜப்பானியர் ஏறத்தாழ 31 லட்சம் பேர். 1945 மார்ச் 10-இல் டோக்கியோவில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். அந்தச் சாம்பலில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்குக் கொப்பரைப் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்தை எழுதிய கை அந்நியருடையது; அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டவர்கள் இந்த மக்கள்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

## படை வந்தது, சொல் வரவில்லை

1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. ஜப்பானிலிருந்த அமெரிக்கத் துருப்புகள் அங்கே போக, காலியான இடத்தை நிரப்ப 75,000 பேர் கொண்ட அமைப்பை உருவாக்கும்படி மெக்கார்தர் உத்தரவிட்டார். அதன் பெயர் "தேசிய காவல் சேமப்படை". 1952-இல் அது "பாதுகாப்புப் படை" ஆனது. 1954 ஜூலை 1-இல் "தற்காப்புப் படை" ஆனது. இன்றுவரை அந்தப் பெயர்தான்.

"ராணுவம்" என்ற சொல் வரக் கூடாது என்பதால் அதற்குக் கீழே இருந்த சொற்களும் ஒவ்வொன்றாக மாறின. தொடக்க ஆண்டுகளில் டாங்கிக்கு "சிறப்பு வாகனம்" என்று பெயர். காலாட்படை "பொதுப் பிரிவு", பீரங்கிப்படை "சிறப்புப் பிரிவு". நாசகாரிக் கப்பல் "காவல் கப்பல்". இவற்றில் டாங்கி மட்டும் பின்னாளில் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. மற்றவை இன்னும் அப்படியே. 248 மீட்டர் நீளமும் தட்டையான மேல்தளமும் கொண்ட "இசுமோ" கப்பல் ஒரு விமானந்தாங்கி என்பது பார்த்தவுடனே தெரியும். எஃப்-35பி போர் விமானங்கள் இறங்கும்படி அதை மாற்றியமைத்த பிறகும் அரசு அதை விமானந்தாங்கி என்று அழைப்பதில்லை. தாக்குதலுக்கான விமானந்தாங்கி வைத்துக்கொள்ள முடியாது என்று அரசே நாடாளுமன்றத்தில் முன்பு சொல்லியிருப்பதுதான் காரணம்.

இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதே ஒரு கட்டுப்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 2016 ஜூலையில் தெற்கு சூடானின் ஜூபா நகரில் கடும் சண்டை நடந்தது. அங்கே ஐ.நா. அமைதிப் பணியில் இருந்த ஜப்பானியப் படையினர் தங்கள் நாட்குறிப்பில் "போர்ச்சண்டை" என்றே எழுதினார்கள். 2017 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் தொமொமி இனாதா, 9-ஆம் பிரிவோடு சிக்கல் வரும் என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்த்து "ஆயுத மோதல்" என்று சொல்வதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார். நாட்குறிப்புகள் மறைக்கப்பட்ட விவகாரம் பெரிதாகி அந்த ஜூலையில் அவர் பதவி விலகினார். குண்டுச் சத்தத்தைக் கேட்டவன் எழுதிய சொல்லைத் தலைநகரில் உச்சரிக்க முடியாமல் போவது ஒரு ஜனநாயகத்துக்கு நல்லதல்ல.

## ஏன் திருத்தவே முடியவில்லை?

இந்திய அரசியலமைப்பு 1950-இலிருந்து 2023-க்குள் 106 முறை திருத்தப்பட்டது. ஜப்பானுடையது ஒரு முறைகூட இல்லை. 96-ஆம் பிரிவின்படி இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொள்ள வேண்டும்; பிறகு பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைக்க வேண்டும். அந்த வாக்கெடுப்பை நடத்துவதற்கான சட்டமே 2007-இல்தான் நிறைவேறியது.

1955-இல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சி தொடக்கத்திலிருந்தே அரசியலமைப்பைத் திருத்துவதைக் கொள்கையாக வைத்திருந்தது. அதே ஆண்டில் ஒன்றிணைந்த சோஷலிஸ்ட் கட்சி அதைத் தடுப்பதைக் கொள்கையாக வைத்திருந்தது. இதிலிருந்து மூன்று விளைவுகள் கிளைத்தன.

1. எதிர்க்கட்சியின் இலக்கே மாறிப்போனது. திருத்தத்தைத் தடுக்க மூன்றில் ஒரு பங்கு இடம் போதும். 1958-க்குப் பிறகு சோஷலிஸ்டுகள் கீழவைத் தேர்தல்களில் பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையில் வேட்பாளர்களைக்கூட நிறுத்தவில்லை. ஆட்சியைப் பிடிப்பதைவிட அரணைக் காப்பது முக்கியம் என்றாகிவிட்டது. மாற்று அரசு என்பதே பழகாத ஒரு ஜனநாயகம் உருவானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. ஆளுங்கட்சிக்கும் இந்தப் பிரிவு கைகொடுத்தது. அமெரிக்கா பணமும் படையும் கேட்கும்போதெல்லாம் "எங்கள் அரசியலமைப்பு இடம் கொடுக்கவில்லை" என்று சொல்ல முடிந்தது. வியட்நாம் போருக்குத் தென்கொரியா லட்சக்கணக்கில் துருப்புகளை அனுப்பியது. ஜப்பான் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. யோஷிடா தொடங்கிவைத்த இந்த வழியில் நாடு தொழில் வளர்ச்சியில் முழு மூச்சாக இறங்கியது.

3. திருத்த முயன்றவர் அடிபட்டார், பொருளாதாரம் பேசியவர் நிலைத்தார். 1960-இல் பிரதமர் நொபுசுகே கிஷி அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம் திரண்டது. ஜூன் 15 மோதலில் ஒரு மாணவி உயிரிழந்தார். ஒப்பந்தம் நிறைவேறியது, கிஷி விலகினார். அடுத்து வந்த ஹயாதோ இகெதா அரசியலமைப்பைத் தொடவே இல்லை. பத்தாண்டில் வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்றார். கட்சிக்குள் இது ஒரு பாடமாகப் பதிந்தது.

## நீதிமன்றம் ஏன் ஒதுங்கியது?

படை அரசியலமைப்புக்கு முரணானதா என்பதை நீதிமன்றம்தானே சொல்ல வேண்டும்? ஜப்பானின் உச்ச நீதிமன்றம் இன்றுவரை அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 1959 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அமெரிக்கத் துருப்புகள் ஜப்பானில் இருப்பதே 9-ஆம் பிரிவை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இவ்வளவு உயர்ந்த அரசியல் தன்மை கொண்ட விஷயத்தில், அப்பட்டமான மீறல் இருந்தாலொழிய நீதிமன்றம் தலையிடாது என்றது. 1973-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தற்காப்புப் படையே செல்லாது என்றது. அதுவும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

இவற்றைவிட ஹொக்காய்தோவின் எனிவா வழக்குதான் விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. பீரங்கிப் பயிற்சித் திடலை ஒட்டி ஒரு பால்பண்ணைக் குடும்பம் இருந்தது. குண்டுச் சத்தத்தில் மாடுகள் மிரண்டு பால் குறைந்தது. சுடுவதற்கு முன் தகவல் சொல்வதாகப் படை ஒப்புக்கொண்டிருந்தும் சொல்லவில்லை. 1962 டிசம்பரில் அந்த வீட்டுச் சகோதரர்கள் இருவர் படையின் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டார்கள். அரசு அவர்கள்மேல் தற்காப்புப் படைச் சட்டத்தில் வழக்குப் போட்டது. அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதமானது என்று அவர்கள் தரப்பு வாதாட, நாடே தீர்ப்புக்குக் காத்திருந்தது. 1967 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அறுக்கப்பட்ட கம்பி, அந்தச் சட்டம் குறிப்பிடும் பாதுகாப்புப் பொருள்களுக்குள் வராது. ஆகவே இருவரும் குற்றமற்றவர்கள். அரசியலமைப்புக் கேள்விக்குள் போகத் தேவையில்லை. வென்றவர்களும் ஏமாந்துபோனார்கள், தோற்ற அரசு மேல்முறையீடு செய்யாமல் விட்டுவிட்டது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே 1950-களில் அடிப்படைச் சட்டத்தையே திருத்திவிட்டுத்தான் ராணுவத்தை அமைத்தார்கள். வெளிநாட்டுக்குப் படை அனுப்பலாமா என்ற கேள்வி 1990-களில் எழுந்தபோது, அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1994-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஜப்பானில் உரையும் மாறவில்லை, நீதிமன்றமும் பேசவில்லை. அந்த வெற்றிடத்தை யாராவது நிரப்பியாக வேண்டுமல்லவா?

## முட்டுக்கட்டை போட்டவர்கள்

நிரப்பியது அமைச்சரவைச் சட்டப் பணியகம். வெளியே அதிகம் தெரியாத, சட்டம் படித்த அதிகாரிகளின் சிறிய அலுவலகம். மசோதாக்களைச் சரிபார்ப்பது அதன் வேலை. நாடாளுமன்றத்தில் 9-ஆம் பிரிவு பற்றிக் கேள்வி வரும்போதெல்லாம் இது முடியும், இது முடியாது என்று பதில் தயாரித்ததும் அதுதான். தற்காப்பு என்பது எந்த நாட்டுக்கும் இயல்பாக உள்ள உரிமை, அதற்குத் தேவையான குறைந்தபட்ச பலம் இரண்டாம் பத்தி தடுக்கும் போர்த்திறன் ஆகாது என்ற விளக்கம் அங்கே கெட்டிப்பட்டது. 1972-இல் அரசு வெளியிட்ட நிலைப்பாடு ஒரு கோட்டைக் கிழித்தது: ஜப்பானே தாக்கப்பட்டால் திருப்பி அடிக்கலாம்; நட்பு நாடு தாக்கப்பட்டதற்காகச் சண்டையில் இறங்க முடியாது. இந்த இரண்டாவதற்குத்தான் "கூட்டுத் தற்காப்பு உரிமை" என்று பெயர்.

ஜப்பானிய அரசியலில் அடிக்கடி அடிபடும் சொல் "ஹதோமே". உருளும் சக்கரத்தை நிறுத்தும் கட்டை என்று பொருள். நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கட்டை போடுகிறவர் தேரை ஒரேயடியாக நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் சாயாமல் திருப்பிவிடுகிறார். 9-ஆம் பிரிவும் அப்படித்தான் வேலை செய்தது. அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கட்டைகள் விழுந்தன:

1. 1967-இல் பிரதமர் எய்சாகு சாதோ அறிவித்த மூன்று அணுசக்தி மறுப்புக் கொள்கைகள்: அணு ஆயுதம் வைத்திருக்க மாட்டோம், செய்ய மாட்டோம், நாட்டுக்குள் வர விட மாட்டோம். 1974-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.
2. அதே 1967-இல் ஆயுத ஏற்றுமதிக்கு வந்த கட்டுப்பாடு. 1976-இல் தகேயோ மிகி அரசு அதை ஏறக்குறைய முழுத் தடையாக இறுக்கியது.
3. பாதுகாப்புச் செலவு மொத்த தேசிய உற்பத்தியில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற 1976 அமைச்சரவை முடிவு. 1987-இல் யசுஹிரோ நகசோனே அரசு அதை நீக்கியது. ஆனாலும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செலவு 1 சதவீதத்தை ஒட்டியே நின்றது.

இவற்றில் ஒன்றுகூட அரசியலமைப்பில் இல்லை. நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்கள், அமைச்சரவைத் தீர்மானங்கள், அவ்வளவுதான். சொன்ன பதிலை அடுத்து வருகிற அரசும் மதித்தாக வேண்டும் என்ற வழக்கம்தான் அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 9-ஆம் பிரிவு எழுத்தில் தடுப்பதைவிடக் குறைவாகவே நடைமுறையில் தடுத்திருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் எழுந்து நின்று காரணம் சொல்ல வைத்தது. என் பார்வையில் அதன் உண்மையான சாதனை அதுதான்.

## 1991-க்குப் பிறகு

வளைகுடாப் போருக்கு ஜப்பான் கொடுத்தது 1,300 கோடி டாலர். படை அனுப்பவில்லை. போர் முடிந்ததும் குவைத் அமெரிக்கப் பத்திரிகைகளில் நன்றி விளம்பரம் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் ஜப்பான் இல்லை. டோக்கியோவின் அதிகாரிகள் மனத்தில் அது முள்ளாகத் தைத்தது.

1992 ஜூனில் ஐ.நா. அமைதிப் பணிக்குப் படை அனுப்பும் மசோதா வந்தது. தோற்பது நிச்சயம் என்று தெரிந்த சோஷலிஸ்டுகள் மேலவையில் "மாட்டு நடை" நடந்தார்கள். வாக்குச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்வது. பத்தடி தூரத்துக்கு மணிக்கணக்கில். இரவெல்லாம் நீடித்தும் மசோதா நிறைவேறியது, படை கம்போடியா போனது. இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. 1994-இல் கூட்டணிப் பிரதமரான சோஷலிஸ்ட் தலைவர் தொமிஈச்சி முராயாமா தற்காப்புப் படை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று ஏற்றுக்கொண்டார். அந்தக் கட்சி அதற்குப் பிறகு எழவே இல்லை.

2004-இல் ஈராக்கின் சமாவா நகருக்குச் சுமார் 600 பேர் போனார்கள். குடிநீர் கொடுத்தார்கள், பள்ளிகளைச் செப்பனிட்டார்கள். அவர்களுக்குக் காவலாக இருந்தவை நெதர்லாந்து, ஆஸ்திரேலியப் படைகள். போர் நடக்காத பகுதிக்கு மட்டுமே போகலாம் என்பது சட்டம். அது எது என்று கேட்டபோது, தற்காப்புப் படை பணியாற்றும் இடம்தான் போர் நடக்காத பகுதி என்று பிரதமர் ஜூனிச்சிரோ கொய்சுமி பதில் சொன்னார். பதில் சொல்லும் கடமை இருந்தது. பதிலில் உள்ளீடு இல்லாமல் போகத் தொடங்கியது இங்கேதான். இத்தனைக்கும் நடுவில் 1954-இலிருந்து இன்றுவரை தற்காப்புப் படை எந்தப் போரிலும் ஓர் உயிரைக்கூடப் பறித்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

## ஒகினாவா: அமைதியின் மறுபக்கம்

"அமைதி அரசியலமைப்பு" என்ற பெருமையைப் பேசும்போது ஒகினாவாவை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. 1947 மே 3-இல் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1972 மே 15-இல்தான் ஜப்பானிடம் திரும்பியது. அதாவது 9-ஆம் பிரிவு அங்கே போய்ச் சேர 25 ஆண்டு ஆனது. போரின் கடைசிக் கட்டத்தில் மக்களில் நாலில் ஒருவரை இழந்த தீவு அது. இன்றைக்கு ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவாவில், அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடத்தில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது.

மற்ற ஜப்பானியர் ராணுவமில்லாத நாட்டில் வாழ்வதாக உணர முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வேலி கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தது. வேலியோரத்தில் குடியிருப்பவர்களின் குரல் டோக்கியோவில் எடுபடவில்லை. 9-ஆம் பிரிவை நேசிப்பவர்கள் கூச்சமில்லாமல் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது.

## 2014: கட்டை நகர்ந்த விதம்

இனி தகாய்ச்சியின் சொல்லுக்கு வரலாம். உரையைத் திருத்த முடியாது என்று கண்ட பிரதமர் ஷின்சோ அபே விளக்கத்தை மாற்ற முடிவு செய்தார். 2013-இல் சட்டப் பணியகத்தின் தலைமைக்கு, உள்ளிருந்தே ஒருவரை உயர்த்தும் வழக்கத்தை மீறி, வெளியுறவுத் துறைக்காரர் ஒருவரை நியமித்தார். 2014 ஜூலை 1-இல் ஓர் அமைச்சரவைத் தீர்மானம் 1972-இன் கோட்டை நகர்த்தியது. அதன்படி படைபலம் பயன்படுத்த மூன்று நிபந்தனைகள்:

1. ஜப்பான் தாக்கப்பட வேண்டும். அல்லது ஜப்பானோடு நெருங்கிய உறவுள்ள நாடு தாக்கப்பட்டு, அதனால் ஜப்பானின் இருப்பே ஆபத்துக்குள்ளாகி, மக்களின் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அடியோடு கேடு வரும் தெளிவான அபாயம் இருக்க வேண்டும்.
2. அதைத் தடுக்க வேறு தகுந்த வழி இல்லாதிருக்க வேண்டும்.
3. பயன்படுத்தும் பலம் தேவையான குறைந்தபட்ச அளவோடு நிற்க வேண்டும்.

முதல் நிபந்தனையின் இரண்டாம் பாதிதான் "இருப்புக்கே ஆபத்தான நிலைமை". இதற்கான மசோதாக்கள் 2015-இல் வந்தபோது, ஜூன் 4-இல் கீழவையின் அரசியலமைப்புக் குழு முன் சாட்சி சொன்ன மூன்று பேராசிரியர்களும் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள். அவர்களில் ஒருவர் ஆளுங்கட்சியே அழைத்தவர். நாடாளுமன்றத்துக்கு வெளியே மாணவர்களும் தாய்மார்களும் முதியவர்களும் வாரக்கணக்கில் நின்றார்கள். செப்டம்பர் 19 விடியுமுன் சட்டம் நிறைவேறியது.

எந்த இடத்தில் எந்தச் சண்டை நடந்தால் இது பொருந்தும் என்று அதற்குப் பிறகு வந்த பிரதமர்கள் வெளிப்படையாகச் சொன்னதில்லை. தகாய்ச்சி தைவானைச் சேர்த்துச் சொன்னதால், அந்த நிபந்தனை நிறைவேறினால் ஜப்பான் சட்டப்படி சண்டையில் இறங்கலாம் என்பது பட்டவர்த்தனமாயிற்று. களேபரத்துக்குக் காரணம் இதுதான்.

இதற்கிடையில் 2022 டிசம்பரில் ஃபுமியோ கிஷிதா அரசு, எதிரியின் ஏவுதளத்தைத் திருப்பித் தாக்கும் திறன் பெறவும், ஐந்தாண்டில் சுமார் 43 லட்சம் கோடி யென் செலவிடவும், 2027 நிதியாண்டுக்குள் பாதுகாப்புச் செலவை 2 சதவீதமாக்கவும் முடிவெடுத்தது. தகாய்ச்சி அரசு அந்த 2 சதவீதத்தை முன்கூட்டியே எட்டப்போவதாக அறிவித்தது. 26 ஆண்டுகள் கூட்டணியில் இருந்துகொண்டே கட்டை போட்டுவந்த கோமெய்தோ கட்சியும் 2025 அக்டோபரில் வெளியேறிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017-இல் அபேயே முன்வைத்த திருத்த யோசனை, இரண்டு பத்திகளையும் அப்படியே விட்டுவிட்டு, தற்காப்புப் படை பற்றி ஒரு வாசகம் சேர்ப்பது மட்டும்தான். அழிக்கச் சொல்லும் துணிவு அவருக்கே வரவில்லை. அதுகூட அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

## ஒரு ஹைக்கூவின் கதை

இந்தப் பிரிவு சாதாரண மக்கள் வாழ்க்கையில் எப்படிப் புகுந்திருக்கிறது என்பதற்கு சைதாமா நகரில் நடந்த ஒன்று போதும். அங்கே ஒரு சமூகக் கூடத்தில் ஹைக்கூக் குழு ஒன்று இயங்கியது. குழு தேர்ந்தெடுக்கும் கவிதையைக் கூடத்தின் மாத இதழில் அச்சிடுவது வாடிக்கை. 2014 ஜூனில், விளக்கத்தை மாற்றும் பேச்சு சூடாக இருந்த நேரம், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி டோக்கியோவின் கின்ஸாவில் பெண்கள் ஊர்வலம் போவதைப் பார்த்து ஒரு ஹைக்கூ எழுதினார். மழைக்கால வானம், அதன் கீழே "9-ஆம் பிரிவைக் காப்போம்" என்று குரல் கொடுத்தபடி போகும் பெண்கள். அவ்வளவுதான் கவிதை. குழு அதைத் தேர்ந்தெடுத்தது. கூடத்தின் அலுவலர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். பொதுமக்கள் கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது, கூடம் நடுநிலையோடு இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள்.

நாட்டின் உச்ச சட்டத்தில் உள்ள ஒரு பிரிவைக் காப்போம் என்பது, ஓர் அரசு அலுவலருக்குத் தொடவே பயமான பேச்சாகிவிட்டது. எழுபது ஆண்டுகளாகச் சுற்றி வளைத்துப் பேசிப் பழகிய மேலிடத்தின் பழக்கம் மாத இதழ் வரைக்கும் இறங்கி வந்துவிட்டது.

அந்தப் பெண்மணி விடவில்லை. வழக்குப் போட்டார். 2017 அக்டோபரில் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 50,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2018-இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் தொகையை 5,000 யென்னாகக் குறைத்தது. ஆனால் மறுத்தது தவறு என்பதை உறுதி செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அது முடிவானது. மழைக்கால வானமும் அதன் கீழ் நடந்த பெண்களும் 2019-இல், ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து, அந்த மாத இதழில் அச்சானார்கள்.